கணிதம் படிக்காமல் பி.காம். சேர்ந்தவர் வணிகப் புள்ளியியலை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான். பிளஸ் டூவில் கணிதம் இல்லாத காமர்ஸ் குரூப் படித்துவிட்டு பி.காம். சேர்ந்த மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் வகுப்பில் ஃபார்முலாவை எழுதிக்கொள்கிறேன், சம் போடுகிறேன், விடையும் வருகிறது. ஆனால் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. மனப்பாடம் செய்து பாஸ் ஆனால் போதுமா? புரிந்து படிக்க வழி உண்டா? வேலைக்கு இது உதவுமா?"

இந்தப் பாடத்தைக் கல்லூரியில் பல ஆண்டுகளாக நடத்துகிறவன் நான். முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இந்தப் பேப்பருக்குத் தேவையான கணிதம் மிகக் குறைவு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம், மைனஸ் குறியைக் கவனமாகக் கையாளும் பழக்கம், அவ்வளவுதான். கால்குலஸ் இல்லை, திரிகோணமிதி இல்லை. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பாஸ் ஆனவருக்கு வேண்டியதெல்லாம் கையில் இருக்கிறது. கணித குரூப் படித்துவிட்டு வருகிறவர்களும் இதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அவர்கள் வேகமாக விடைக்குப் போய்விடுகிறார்கள், அந்த விடை என்ன சொல்கிறது என்று கேட்டால் நிற்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சிலபஸில் ஐந்து யூனிட், இருபது முப்பது ஃபார்முலா என்று தெரிந்தாலும், உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கு. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்தால் கிடைக்கும் விலக்கம். திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன), ஒட்டுறவு (இரண்டு எண் வரிசைகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன), தொடர்புப் போக்கு (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும்), காலத்தொடரில் (ஆண்டுவாரித் தரவில்) போக்குக் கோடு, மேல்படிப்பில் வரும் சோதனைகள் என எல்லாமே அந்த விலக்கங்களை எடுத்து வெவ்வேறு விதமாகப் பெருக்கிக் கூட்டுவதுதான். இதைக் கையால் ஒரு தடவை செய்து பார்த்தவருக்குப் பேப்பரின் பாதி தானாகவே விளங்கிவிடும். இங்கேயே செய்து காட்டுகிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் கரும்புச் சாறு விற்கும் கடை ஒன்று. ஐந்து நாட்களில் பகல் வெப்பநிலையும், விற்ற டம்ளர்களும் இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

33 டிகிரி, 80 டம்ளர்
34 டிகிரி, 95 டம்ளர்
35 டிகிரி, 90 டம்ளர்
36 டிகிரி, 115 டம்ளர்
37 டிகிரி, 120 டம்ளர்

விற்பனையின் கூட்டுத்தொகை 500, சராசரி 100. ஒவ்வொரு நாளிலிருந்தும் 100-ஐக் கழியுங்கள்: −20, −5, −10, +15, +20. இதுதான் விலக்கம். கூட்டிப் பாருங்கள், பூஜ்யம். எந்தத் தரவை எடுத்தாலும் இப்படித்தான் வரும், வராவிட்டால் எங்கோ கூட்டலில் தப்பு. சராசரி என்றால் மேலே இருக்கும் விலக்கமும் கீழே இருக்கும் விலக்கமும் சமமாகிவிடும் இடம் என்று இப்போது புரிகிறதல்லவா? 'கூட்டி வகுத்தால் வருவது' என்ற வரையறையைவிட இது உங்களுக்கு அதிகம் உதவும்.

விலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம் என்பதால், 'சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது' என்று அளக்க அதை அப்படியே பயன்படுத்த முடியாது. அதனால்தான் வர்க்கப்படுத்துகிறோம்: 400, 25, 100, 225, 400. மொத்தம் 1150. ஐந்தால் வகுத்தால் 230, வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 15.17. திட்ட விலக்கம் கிடைத்துவிட்டது. கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், "ஒரு நாளைக்கு நூறு டம்ளர் போகும், பதினைந்து முன்னே பின்னே இருக்கும்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தால் யூனிட் 2 உங்கள் கையில்.

மாறுபாட்டுக் கெழுவும் இதிலேயே அடங்கிவிடும். 15.17-ஐ 100-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 15.17 சதவீதம். பக்கத்தில் இளநீர் விற்பவருக்கு சராசரி 20, திட்ட விலக்கம் 6 என்றால் அவருடைய கெழு 30 சதவீதம். 6 என்பது 15-ஐவிடச் சிறியது, ஆனாலும் அவர் வியாபாரம்தான் அதிகமாக ஆடுகிறது. இரண்டு கம்பெனி, இரண்டு பேட்ஸ்மேன் என்று பரீட்சையில் திரும்பத் திரும்பக் கேட்கும் 'எது சீரானது' கேள்விக்கு அடிப்படை இவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன நிறுத்தம். சில புத்தகங்களில் ஐந்தால் வகுத்திருப்பார்கள், சிலவற்றில் நான்கால். இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும். கேட்கிற ஐந்து நாட்கள்தான் மொத்தத் தரவு என்றால் ஐந்தால் வகுக்கலாம். அந்த ஐந்து நாட்களை மாதிரியாக வைத்துக்கொண்டு கோடை முழுவதன் ஏற்ற இறக்கத்தை மதிப்பிட வேண்டுமானால் நான்கால் வகுக்க வேண்டும். ஏன் நான்கு? விலக்கங்களின் கூட்டுத்தொகை பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். −20, −5, −10, +15 என்று நான்கைச் சொல்லிவிட்டால் ஐந்தாவது +20 தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. ஆக சுதந்திரமான தகவல் நான்குதான். 'டிகிரி ஆஃப் ஃப்ரீடம்' என்று பின்னால் வந்து பயமுறுத்தும் விஷயம் இதுவே. நான்கால் வகுத்தால் 287.5, வர்க்கமூலம் 16.96. உங்கள் வகுப்பில் எது வழக்கம் என்று ஆசிரியரிடம் கேட்டு, அதையே பரீட்சையில் எழுதுங்கள்.

சரி, இப்போது வெப்பநிலைக்கு வருவோம். சராசரி 35. விலக்கங்கள் −2, −1, 0, +1, +2. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 10. வெப்பநிலை விலக்கத்தையும் விற்பனை விலக்கத்தையும் நாள்வாரியாகப் பெருக்குங்கள்: 40, 5, 0, 15, 40. மொத்தம் 100.

இந்தப் பெருக்கலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குளிர்ச்சியான நாளில் விற்பனையும் குறைந்தால் மைனஸும் மைனஸும் பெருகி ப்ளஸ் ஆகிறது. சூடான நாளில் விற்பனை கூடினாலும் ப்ளஸ். இரண்டும் ஒரே திசையில் போனால் ப்ளஸ் சேர்ந்துகொண்டே போகும், எதிர்த் திசையில் போனால் மைனஸ் சேரும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையென்றால் ப்ளஸும் மைனஸும் கலந்து கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒட்டுறவை அளக்கும் கார்ல் பியர்சன் கெழுவின் உயிர் இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது. கீழே வகுப்பதெல்லாம் விடையை −1-க்கும் +1-க்கும் நடுவில் கொண்டுவருவதற்கு. 10-ஐயும் 1150-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 107.24. நூறை அதால் வகுத்தால் 0.93. வலுவான நேர் ஒட்டுறவு.

அதே நூறை வர்க்கமூலமெல்லாம் எடுக்காமல் வெறும் 10-ஆல் வகுத்துப் பாருங்கள். 10 வருகிறது. இதுதான் தொடர்புப் போக்குக் கெழு. ஒரு டிகிரி ஏறினால் பத்து டம்ளர் கூடுகிறது. கோடு இரண்டு சராசரிகளான 35, 100 வழியாகப் போகும், 100 − 10 × 35 = −250. ஆகவே கோட்டின் சமன்பாடு: விற்பனை = 10 × வெப்பநிலை − 250. நாளைக்கு 36 டிகிரி என்றால் 110 டம்ளருக்குக் கரும்பு வாங்கி வைக்கலாம்.

இந்த −250 என்ன? வெப்பநிலை பூஜ்யமானால் மைனஸ் 250 டம்ளர் விற்கும் என்றா அர்த்தம்? இல்லை. நம்மிடம் 33 முதல் 37 வரைதான் தரவு இருக்கிறது. கோடு அதற்குள்தான் பேசும், வெளியே நீட்டினால் உளறும். வேலைக்குப் போனபின் யாராவது மூன்று வருட விற்பனையை வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்குக் கோடு நீட்டிக் காட்டினால் இந்தக் கரும்புச் சாறுக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம், எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இது. கோடு சொல்லும் விற்பனை 80, 90, 100, 110, 120. உண்மையில் நடந்தது 80, 95, 90, 115, 120. வித்தியாசம் 0, 5, −10, 5, 0. இவற்றின் வர்க்கக் கூட்டுத்தொகை 150. கோட்டின் மதிப்புகளுக்கும் சராசரி 100-க்கும் உள்ள விலக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 1000. இரண்டையும் கூட்டினால் 1150, முதலில் வந்த அதே எண்! அதாவது விற்பனையின் மொத்த ஏற்ற இறக்கத்தில் 1000 பங்கு வெப்பத்தால் விளக்கப்படுகிறது, 150 பங்கு வேறு காரணங்களால். 1000-ஐ 1150-ஆல் வகுத்தால் 0.87. ஒட்டுறவுக் கெழுவை (சுருக்காமல் 0.9325) வர்க்கப்படுத்தினாலும் 0.87. விலக்கத்தை ஏன் வர்க்கப்படுத்துகிறோம், குறியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் போதாதா என்று நல்ல மாணவர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. வர்க்கப்படுத்தினால்தான் மொத்தம் இப்படிச் சுத்தமாக இரண்டு பங்காகப் பிரியும்.

இந்த ஐந்து நாள் கணக்கை யார் உதவியும் இல்லாமல் வெறும் தாளில் திரும்பப் போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நீங்கள் யூனிட் 2, 3 இரண்டையும் படித்துவிட்டீர்கள்.

இப்போது குறுக்கு வழிகள். வகுப்பில் 'அசூம்டு மீன்', 'ஸ்டெப் டீவியேஷன்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். கால்குலேட்டர் இல்லாத காலத்தில், சராசரி 67.38 என்று வந்தால் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைக் கழிப்பது பெரும்பாடு. அதற்காக வசதியான ஒரு முழு எண்ணைக் கழித்துவிட்டுக் கடைசியில் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. பரீட்சைக்கு வேண்டும், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நேரடி முறையில் கை பழகுவதற்கு முன்பே குறுக்கு வழிக்குப் போவதால்தான் "விடை வருகிறது, அர்த்தம் தெரியவில்லை" என்ற நிலை வருகிறது. வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

விடை சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன், பரீட்சை ஹாலில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். சராசரி என்றும் மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவில்தான் இருக்கும். திட்ட விலக்கம் மைனஸில் வராது, வீச்சைவிட (மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்) பெரிதாகவும் வராது. ஒட்டுறவுக் கெழு 1.2 என்று வந்தால் மேலே படிக்காமல் நிறுத்திக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். வெப்பநிலையிலிருந்து விற்பனையையும், விற்பனையிலிருந்து வெப்பநிலையையும் கணிக்கும் இரண்டு தொடர்புப் போக்குக் கெழுக்களுக்கும் ஒரே குறி இருக்க வேண்டும், இரண்டின் பெருக்கல் 1-ஐத் தாண்டக் கூடாது, அந்தப் பெருக்கலின் வர்க்கமூலம் அதே குறியோடு ஒட்டுறவுக் கெழுவாக வர வேண்டும். நம் கணக்கில் ஒன்று 10, மற்றொன்று 100-ஐ 1150-ஆல் வகுத்தால் வரும் 0.087. பெருக்கினால் 0.87, வர்க்கமூலம் 0.93. பொருந்துகிறது.

ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடும் முன் புள்ளிகளைக் கிராஃப் தாளில் குறித்துப் பாருங்கள். பரீட்சையில் கேட்காவிட்டாலும் வீட்டில் செய்யுங்கள். ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு தரவுத் தொகுப்புகளை உருவாக்கிக் காட்டினார். நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவு 0.816, கோட்டின் சரிவு 0.5. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணமாகச் சிதறியிருக்கும், ஒன்று வளைகோடு, ஒன்றில் எல்லாப் புள்ளிகளும் நேர்க்கோட்டில் இருக்க ஒரே ஒரு புள்ளி மட்டும் தள்ளி நிற்கும், கடைசியில் ஒரே ஒரு புள்ளிதான் மொத்தக் கோட்டையும் இழுத்துக்கொண்டு போகும். நான்கு எண்களை மட்டும் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

காலத்தொடருக்கு வருவோம். மீச்சிறு வர்க்க முறையில் (வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி) போக்குக் கோடு வரையும்போது நடு ஆண்டை பூஜ்யமாக வைத்து −2, −1, 0, 1, 2 என்று எழுதச் சொல்வார்கள். கவனித்தீர்களா, நம் வெப்பநிலை விலக்கங்கள்! அதே தொடர்புப் போக்குதான், வெப்பநிலை இருந்த இடத்தில் ஆண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை.

பருவகால மாறுபாட்டில் மட்டும் நம் ஊர் வியாபாரத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, பாடப்புத்தகத்தில் அதிகம் பேச மாட்டார்கள். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஒரு ஜவுளிக்கடை 2023 நவம்பரையும் 2024 நவம்பரையும் ஒப்பிட்டால் வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் தீபாவளிதான் மாதம் மாறியிருக்கிறது, வாடிக்கையாளர் எங்கும் போகவில்லை. அதனால் அக்டோபர், நவம்பர் இரண்டையும் சேர்த்து ஒப்பிட வேண்டும், அல்லது தீபாவளிக்கு முந்தைய வாரங்களை வைத்து ஒப்பிட வேண்டும். ஆடித் தள்ளுபடிக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆடி ஆண்டுதோறும் ஏறக்குறைய ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். இதைப் பற்றி வகுப்பில் பேச்செடுத்துப் பாருங்கள், கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு உதாரணம் சொல்வார்கள்.

குறியீட்டு எண்கள்தான் விலக்கக் கணக்கில் சேராத யூனிட். அதற்குத் தனி யோசனை வேண்டும், ஆனால் அதுவும் எளிது. ஒரு வீட்டில் முன்பு அரிசி கிலோ 50 ரூபாய்க்கு 20 கிலோ, சின்ன வெங்காயம் கிலோ 40 ரூபாய்க்கு 5 கிலோ வாங்கினார்கள். இப்போது அரிசி 60 ரூபாய், அதே 20 கிலோ. சின்ன வெங்காயம் 100 ரூபாய் ஆகிவிட்டது, 2 கிலோதான் வாங்குகிறார்கள். விலைவாசி எவ்வளவு ஏறியது?

பழைய அளவுகளையே வைத்துப் பார்த்தால் அன்று 1200 ரூபாய் செலவான பை இன்று 1700 ஆகிறது, அன்றையதை 100 என்று வைத்தால் குறியீடு 141.7. இது லாஸ்பியர் முறை, 1871-இல் வந்தது. இன்றைய அளவுகளை வைத்துப் பார்த்தால் 1080 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 1400 ஆகிறது, குறியீடு 129.6. இது பாசே முறை, 1874. ஏன் வித்தியாசம்? விலை ஏறியதும் மக்கள் வெங்காயத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பழைய பையைப் பிடித்துக்கொண்டிருக்கும் லாஸ்பியருக்கு அது தெரியாது, அதனால் ஏற்றத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லும். பாசேவுக்கோ அவர்கள் குறைந்த வெங்காயத்தில் சமாளித்த கஷ்டம் தெரியாது, அதனால் குறைத்துச் சொல்லும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 135.5, இதுதான் ஃபிஷர் குறியீடு. எப்போதும் மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் வரும், சரிபார்க்க வசதி. இந்த ஃபிஷர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர். மேல்படிப்பில் 'எஃப்' சோதனையோடு வரும் ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்துக்காரர், வேறு ஆள். விடைத்தாளில் இருவரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ மத்திய அரசு ஊழியர் இருந்தால் அவருடைய அகவிலைப்படி எப்படி ஏறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டின் பன்னிரண்டு மாத சராசரியை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2016, அதற்கு முன் 2001. அடிப்படை ஆண்டை மாற்றியபோது பழைய தொடரையும் புதிய தொடரையும் இணைக்க 2.88 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். 'பேஸ் ஷிஃப்டிங்', 'ஸ்ப்லைசிங்' என்று யூனிட் 5-இல் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருவது நிஜத்தில் இப்படித்தான் லட்சக்கணக்கான குடும்பங்களின் சம்பளத்தைத் தொடுகிறது. அடிப்படை ஆண்டை ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கும் மேலே உள்ள வெங்காயக் கணக்கே விடை. பத்துப் பதினைந்து வருடத்தில் பை மாறிவிடுகிறது.

சராசரி, இடைநிலை, முகடு பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். எதை எப்போது பயன்படுத்துவது என்பது மட்டும் முக்கியம். ஒரு கடையில் ஐந்து பேர் 15,000 ரூபாய் வாங்குகிறார்கள், முதலாளி 3,00,000 எடுக்கிறார் என்றால் சராசரி 62,500. அங்கே யாருமே அந்தச் சம்பளம் வாங்கவில்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை 15,000 என்பதே நிலவரத்தைச் சொல்லும். ரெடிமேட் சட்டை வியாபாரிக்கு சராசரி சைஸ் 39.6 என்று சொல்லி என்ன பயன், அவருக்கு எந்த சைஸ் அதிகம் போகிறது என்கிற முகடு வேண்டும். கோட்ட அளவைகளில் (தரவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை அளப்பவை) பியர்சன் முறை, பௌலி முறை இரண்டையும் கணக்கு மட்டும் பழகினால் இப்போதைக்குப் போதும்.

தரவு சேகரிப்பை எல்லாரும் 'தியரி' என்று ஒதுக்குகிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். முகவரிகளைத் தொலைபேசி அட்டவணை, கார் பதிவேடு போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? போதாததற்கு, பதில் அனுப்பியவர்களும் எல்லாரையும் பிரதிபலிக்கவில்லை. மாதிரி எவ்வளவு பெரிது என்பதைவிட அது எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நீங்கள் ப்ராஜெக்டுக்காக கூகுள் ஃபார்மை வகுப்பு வாட்ஸப் குரூப்பில் போட்டு எழுபது பதில் வாங்கி, "சென்னை நுகர்வோர் ஆய்வு" என்று தலைப்பு வைப்பீர்கள். அந்த எழுபது பேர் யார் என்று ஒரு பத்தி எழுதிவிடுங்கள், அது ஒன்றே உங்கள் ப்ராஜெக்டை மற்றதிலிருந்து தனியாக நிற்க வைக்கும்.

பி.பி.ஏ., எம்.காம்., எம்.பி.ஏ. போகிறவர்களுக்கு மாதிரியிலிருந்து முழுமைத் தொகுதியை (மாதிரி எடுக்கப்பட்ட மொத்தத்தை) பற்றிச் சொல்லும் பகுதியும் வரும். அதற்கும் நம் ஐந்து நாள் தரவே போதும். 16.96-ஐ ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 7.58, இது திட்டப் பிழை, அதாவது மாதிரியின் சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்பது. நான்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு 'டி' அட்டவணையில் 2.776 என்று இருக்கும். பெருக்கினால் 21. அந்த ஐந்து நாட்களும் குலுக்கல் முறையில் எடுத்தவை என்றால், கோடைக்கான உண்மைச் சராசரி 79-க்கும் 121-க்கும் நடுவில் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஐந்து நாள் தரவை வைத்து எவ்வளவு குறைவாகத்தான் சொல்ல முடிகிறது பாருங்கள். சின்ன மாதிரியை எப்படிக் கையாள்வது என்ற இந்தக் கணக்கை 1908-இல் எழுதியவர் வில்லியம் காஸெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார், அதனால்தான் 'ஸ்டூடன்ட்ஸ் டி'. ஆலையில் பிறந்த கணக்கு என்பதால் வணிகம் படிக்கிறவர்கள் இதை அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்வியின் நடைமுறைப் பகுதி. மனப்பாடம் செய்து பாஸ் ஆக முடியுமா? முடியும், நிறையப் பேர் ஆகிறார்கள். பழைய கேள்வித்தாள்களை எடுத்தால் ஒரே மாதிரியான சம்கள்தான் வரும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால், ஒரு எண்ணை விட்டுவிட்டு "அதைக் கண்டுபிடி" என்றால், மனப்பாடம் கைவிட்டுவிடும். அரியர் வைக்கிறவர்களில் பலர் ஃபார்முலா தெரியாமல் வைப்பதில்லை, எந்த ஃபார்முலாவை எங்கே போடுவது என்று தெரியாமல் வைக்கிறார்கள்.

புத்தகம் வேண்டுமென்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் நூல்களிலிருந்து தொடங்குங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கல்லூரியில் ஆங்கிலத்தில் கேட்கும் சொற்கள் சீக்கிரம் பழகிவிடும். கல்லூரிக்குரிய பாடநூலை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். ஒவ்வொரு சம் முடிந்ததும் விடைக்குக் கீழே தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி எழுதுங்கள், "ஆகவே ஏ கடையின் விற்பனை சீரானது" என்கிற மாதிரி. இன்டர்னலில் இதற்குத் தனி மதிப்பெண் கொடுக்கிற ஆசிரியர்கள் உண்டு, நான் கொடுப்பேன்.

வேலைக்கு உதவுமா என்றால், பி.காம். படித்தவர்கள் போகும் எல்லா வழியிலும் இது குறுக்கே வரும். சி.ஏ. ஃபவுண்டேஷன் மூன்றாம் தாளில் நூற்றுக்கு 40 மதிப்பெண் புள்ளியியல். ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் போனால் ஆயிரக்கணக்கான வவுச்சர்களையும் பார்க்க முடியாது, எத்தனையை எப்படி எடுப்பது என்பதற்கு எஸ்.ஏ. 530 என்ற தணிக்கைத் தரநிலையே இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் ஃபேக்ட்ஷீட் ஒன்றைத் திறந்து பாருங்கள், 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்', 'பீட்டா' என்று இருக்கும். முதலாவது ஃபண்டின் வருமானம் எவ்வளவு ஆடுகிறது என்பது. பீட்டா, ஃபண்டின் வருமானத்தைச் சந்தைக் குறியீட்டின் வருமானத்தோடு பொருத்தினால் வரும் தொடர்புப் போக்குக் கெழு. டிகிரிக்குப் பத்து டம்ளர் என்று பார்த்தோமே, அதே கணக்கு.

கடைசியாக எக்செல். கையால் போடத் தெரிந்த பிறகு கற்றுக்கொள்ளுங்கள், முன்னால் வேண்டாம். லேப்டாப் இல்லாவிட்டால் போனில் கூகுள் ஷீட்ஸ் போதும். கரும்புச் சாறுக் கணக்கின் ஐந்து வரிகளையும் தட்டச்சு செய்து, ஒட்டுறவுக்கு 'கோரெல்', சரிவுக்கு 'ஸ்லோப்', −250-க்கு 'இன்டர்செப்ட்' என்ற ஃபங்ஷன்களைப் போட்டுப் பாருங்கள். திட்ட விலக்கத்துக்கு அதில் இரண்டு வகை இருக்கும், பி என்று முடிவது 15.17 காட்டும், எஸ் என்று முடிவது 16.96 காட்டும். கேசியோ சயின்டிஃபிக் கால்குலேட்டரிலும் இதேபோல இரண்டு இருக்கும். எது ஐந்தால் வகுத்தது, எது நான்கால் வகுத்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.